பூங்கொடி வண்டியின் சூடான கைப்பிடி

ஜனவரி 2, வெள்ளி

இந்த ஆண்டு தினமும் நாட்குறிப்பு எழுதுவதென்று முடிவு. நேற்றே தொடங்கியிருக்க வேண்டும், பேனா கிடைக்கவில்லை.

முறைப்படி அறிமுகம் செய்துகொள்கிறேன். நாச்சிமுத்து, வயது நாற்பத்தெட்டு. ஊட்டியில் ஒரு தனியார் தொழிற்பயிற்சி நிலையத்தில் வயர்மேன் பிரிவு ஆசிரியர். என்னிடம் படித்தவர்கள் வயரிங் செய்த வீடுகள் நீலகிரி முழுக்க எரிந்துகொண்டிருக்கின்றன. விளக்கைச் சொல்கிறேன். மனைவி பூங்கொடி, அரசு மருத்துவமனையில் மருந்தாளுநர். மகன் சென்னையில் வேலையில் இருப்பதால் ஊட்டி பிங்கர்போஸ்ட் பகுதியில் உள்ள வீட்டில் நாங்கள் இருவர்தான்.

இன்று காலை மிக்ஸிக்குப் பக்கத்தில் ஒரு படிவம் கிடந்தது. இடமாறுதல் விண்ணப்பம். விரும்பும் இடம் என்ற கட்டத்தில் ஈரோடு என்று எழுதியிருந்தது, அவள் கையெழுத்து. ஜனவரி 30 மாலை ஐந்து மணிக்குள் மருத்துவமனை அலுவலகத்தில் கொடுக்க வேண்டுமாம். என்ன இது என்று கேட்டேன். டிபன் பாக்ஸில் சாதத்தை அமுக்கிக்கொண்டே சொன்னாள்: "இனி என்னால முடியலீங்க. ஈரோட்டுல எங்க அண்ணன் ஊட்டு மாடி காலியாத்தான் கெடக்குது. நீங்க வேணும்னா இங்கயே இருந்துக்குங்க."

சொல்லிவிட்டு இரண்டு கையையும் தேய்த்து ஊதிக்கொண்டாள். எனக்கு உடனே விஷயம் விளங்கிவிட்டது. குளிர். வெளியே புல்லெல்லாம் உறைபனி பிடித்து வெள்ளையாக இருந்தது. அந்தக் குளிரில் மோட்டார் சைக்கிளின் கைப்பிடியைப் பிடிப்பவள் அவள்தானே.

அதற்கு ஒரு பின்னணி உண்டு. பதினோரு ஆண்டுகளுக்கு முன் தொட்டபெட்டா சாலைப் பிரிவுக்குப் பக்கத்தில் ஒரு காட்டெருமை நடுரோட்டில் நின்று என்னைப் பார்த்தது. நானும் அதைப் பார்த்தேன். அன்றிலிருந்து வண்டி ஓட்டுவதைக் குறைத்துக்கொண்டேன். குறைத்துக்கொண்டேன் என்றால், ஓட்டுவதில்லை. பேருந்து என் வயிற்றுக்கு ஒத்துவராது. ஆகவே தினமும் காலை ஆறே காலுக்குப் பூங்கொடி என்னைப் பன்னிரண்டு கிலோமீட்டர் கொண்டுபோய் நிலையத்தில் விட்டுவிட்டு, திரும்பி எட்டு மணிக்கு மருத்துவமனைக்குப் போகிறாள். மாலையில் வந்து கூட்டிக்கொண்டு போகிறாள். எங்களுக்கு வகுப்பு எட்டே முக்காலுக்குத்தான். அதுவரை காவலாளி லிங்கனோடு கணப்புச் சட்டிக்கு முன்னால் உட்கார்ந்திருப்பேன். நல்ல ஏற்பாடு.

அவள் ஈரோட்டுக்குப் போய்விட்டால் இந்த வீட்டில் தனியாக இருக்க என்னால் முடியாது. இதை அவளிடம் சொல்லவில்லை. மோட்டார் சைக்கிள் கைப்பிடிக்குச் சூடேற்றும் ஹீட்டர் ஒன்று இணையத்தில் விற்கிறது. அதற்கு ஆர்டர் போட்டேன்.

ஜனவரி 3, சனி

பூங்கொடிக்கு இன்று வார ஓய்வு. எனக்கு நிலையம் உண்டு. வழக்கம்போல நாலரைக்கு எழுந்து என்னைக் கொண்டுபோய் விட்டாள். வழி நெடுகக் கொட்டாவி விட்டாள். குளிரில் உடம்புக்குப் பிராணவாயு கூடுதலாகத் தேவைப்படும்.

ஜனவரி 4, ஞாயிறு

எனக்கு விடுமுறை, அவளுக்கு வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் நிதானமாக ஏழரை மணி பேருந்தில் மருத்துவமனைக்குப் போவாள். இன்று பாட்டு முணுமுணுத்துக்கொண்டே தலை வாரினாள். கவனித்தேன், ஞாயிற்றுக்கிழமை ஊட்டியில் வெயில் சற்று முன்னதாகவே வந்துவிடுகிறது.

ஜனவரி 8, வியாழன்

பார்சல் வந்துவிட்டது. கைப்பிடி ரப்பருக்கு அடியில் சுற்றி ஒட்டும் இரண்டு மெல்லிய தகடுகள், நாலு வயர், ஒரு விளக்கத்தாள். விளக்கத்தாளில் பன்னிரண்டு படங்கள் இருந்தன. கடைசிப் படத்தில் ஒரு மெக்கானிக் நின்றான், அவனிடம் காட்டி மாட்டவும் என்ற பொருளில். இருபத்து நாலு வருடம் வயரிங் சொல்லிக்கொடுத்தவனிடம் இப்படிச் சொல்வதற்கும் ஒரு துணிச்சல் வேண்டும். தாளை மடித்து மேசையின் ஆடும் காலுக்கு வைத்தேன்.

நிலையத்தில் மோட்டார் மெக்கானிக் பிரிவு ஆசிரியர் பெலிக்ஸ் இருக்கிறார். அவரிடம் கேட்கும் பேச்சுக்கே இடமில்லை. அவர் வீட்டுக் குழல்விளக்கு போன மாதம் எரியாமல் போனபோது என்னையா கூப்பிட்டார்?

ஜனவரி 11, ஞாயிறு

பூங்கொடி பேருந்தில் போனதும் வேலையை ஆரம்பித்தேன். மாலை நாலுக்கு முடித்தேன். என் வாழ்க்கையில் செய்த மிகச் சுத்தமான வயரிங் இதுதான்.

பைக்குக்காரர்கள் செய்வதுபோல வயரை எங்கேயாவது செருகி டேப் சுற்றும் வேலை என்னிடம் கிடையாது. பேட்டரியிலிருந்து ஹேண்டில்பார் வரை வெள்ளை பிவிசி பைப், அரை அடிக்கு ஒரு கிளிப். இரண்டு கண்ணாடிக்கும் நடுவே நாலுக்கு நாலு சுவிட்ச் போர்டு. அதில் ஆறு ஆம்ப்பியர் சுவிட்ச் ஒன்று, காலியிடத்துக்கு ஒரு பிளேட். போர்டுக்கு மேல் 'ஈரக் கையால் தொடாதீர்' என்று ஸ்டிக்கர் ஒட்டினேன்.

பூங்கொடி வந்து வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள். "ஏனுங்க, இதுல காலிங்பெல் வெக்கலீங்களா?" என்றாள். கையை வைத்துப் பார்த்ததும் சூடு தெரிந்தது. "அட, பரவால்லீங்களே," என்று சிரித்தாள். அவள் சிரித்துப் பத்து நாள் ஆகியிருந்தது. எனக்கு உள்ளுக்குள் பட்டாசு வெடித்தது.

ஜனவரி 12, திங்கள்

பேட்டரி செத்துவிட்டது.

நேரடியாகப் பேட்டரியிலிருந்து லைன் எடுத்ததால், சுவிட்சை அணைக்க மறந்த நிலையில் சாவியை எடுத்த பிறகும் கைப்பிடி விடிய விடியச் சூடாகிக்கொண்டே இருந்திருக்கிறது. வீட்டு வயரிங்கில் இந்தப் பிரச்சினை வராது, மின்சாரம் தீர்ந்துபோகாது. செல்ஃப் ஸ்டார்ட் வேலை செய்யவில்லை. பூங்கொடி இருபத்தேழு முறை உதைத்தாள், நான் எண்ணிக்கொண்டிருந்தேன். மருத்துவமனைக்கு அரை மணி தாமதம், அங்கே பேச்சு வாங்கியிருக்கிறாள். என்னை முதலில் கொண்டுவந்து விட்டதால் எனக்குத் தாமதமில்லை.

ஜனவரி 13, செவ்வாய்

சாவியைத் திருப்பினால் மட்டும் மின்சாரம் வரும் வயரைக் கண்டுபிடித்து அதில் சேர்த்துவிட்டேன். ஹெட்லைட்டுக்குப் பின்னால் ஒரு வயர்க் கத்தை இருக்கிறது. அதில் பச்சையும் மஞ்சளும் கலந்த ஒன்றை பன்னிரண்டு வோல்ட் டெஸ்ட் விளக்கால் தொட்டேன், விளக்கு எரிந்தது. தொட்டபோது வண்டி உருண்டுவிடாமல் இருக்க பிரேக்கைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அது ஒரு சின்ன விவரம், பதிவுக்காக எழுதுகிறேன்.

ஜனவரி 14, புதன்

விநோதம். தொட்டபெட்டா ஏற்றம் முழுக்கக் கைப்பிடி ஐஸ் மாதிரி இருந்ததாம். என்னை விட்டுவிட்டு இறக்கத்தில் திரும்பும்போது நல்ல சூடாம். காரணம் தெளிவு. உயரம் கூடக்கூடக் காற்றின் அழுத்தம் குறைகிறது. ஹீட்டர் சமவெளியில் தயாரித்தது. கம்பெனிக்கு ஒரு விரிவான மின்னஞ்சல் அனுப்பினேன், உயரங்களை அடிக் கணக்கில் குறிப்பிட்டு.

ஜனவரி 15, வியாழன்

பொங்கல். மைத்துனர் ஈரோட்டிலிருந்து போன் பண்ணினார். மாடிக்கு வெள்ளையடித்தாகிவிட்டதாம். ஜன்னலுக்குக் கொசுவலையும் அடிக்கிறாராம். பொங்கல் நல்லாயிருக்கிறதா என்று பூங்கொடி கேட்டாள். வெல்லமே போடாததுபோல இருந்தது எனக்கு. நல்லாயிருக்கிறது என்றேன்.

ஜனவரி 16, வெள்ளி

கம்பெனியிலிருந்து பதில் வந்தது. உயரத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று ஒரே வரி. வண்டியை வாசலில் நிறுத்தி, சாவியைத் திருப்பி, பூங்கொடியை உட்கார வைத்துச் சோதித்தேன். சூடில்லை. பிரேக்கைப் பிடிக்கச் சொன்னேன். சூடு வந்தது. விட்டதும் போய்விட்டது.

நான் சேர்த்தது பிரேக் விளக்கின் வயர். பிரேக் பிடித்தால் மட்டும் கைக்குச் சூடு. இறக்கத்தில் பிரேக் பிடித்தே வருவதால் கை வெந்திருக்கிறது. "அப்ப ஏத்தத்துலயும் பிரேக் புடிச்சுக்கிட்டே போறனுங்க," என்றாள் பூங்கொடி. கேலிதான். ஆனால் அதற்குள் மிக்ஸிக்குப் பக்கத்தில் இருந்த படிவத்தில் பெயர், பதவி, பணிக்காலம் எல்லாம் நிரப்பியிருந்ததைப் பார்த்துவிட்டேன். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஜனவரி 18, ஞாயிறு

வயரைச் சரியான இடத்துக்கு மாற்றிவிட்டேன். இப்போது சாவி போட்டால் சூடு, எடுத்தால் இல்லை. சூட்டைக் கூட்டக் குறைக்க வசதி வேண்டுமல்லவா? சுவிட்ச் போர்டில் காலியாக இருந்த இடத்தில் ஃபேன் ரெகுலேட்டர் மாட்டினேன். ஒன்று முதல் ஐந்து வரை. இதைப் பைக்கில் இதுவரை யாரும் செய்திருக்க மாட்டார்கள்.

ஜனவரி 19, திங்கள்

யாரும் ஏன் செய்யவில்லை என்று தெரிந்தது.

ஒன்றில் சூடில்லை. இரண்டு, மூன்று, நாலிலும் இல்லை. ஐந்தில் வைத்ததும் முழுச் சூடு. தொட்டபெட்டா பிரிவு தாண்டும்போது சர்க்கரைவள்ளிக் கிழங்கு சுடும் வாசனை வந்தது. ரோட்டோரத்தில் யாரோ சுடுகிறார்கள் என்று நானும் நினைத்தேன். பூங்கொடி வண்டியை ஓரங்கட்டினாள். அவளுடைய நைலான் கையுறை கைப்பிடியோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. கையை உருவி எடுத்துக்கொண்டாள், நல்லவேளை விரலுக்கு ஒன்றுமில்லை. கையுறை அங்கேயே ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றது.

ரெகுலேட்டருக்குள் இருப்பது கெப்பாசிட்டர். பேட்டரியின் நேர்மின்சாரம், அதாவது டி.சி., அதற்குள் போகாது. ஐந்தாம் நம்பரில் மட்டும் கெப்பாசிட்டரைத் தாண்டி நேரடி இணைப்பு. இதை ஒவ்வோர் ஆகஸ்ட் மாதமும் கரும்பலகையில் படம் வரைந்து சொல்லிக்கொடுப்பவன் நான். வகுப்பில் தூங்கும் பையன்களைக் கண்டபடி திட்டியிருக்கிறேன். அப்படித் தூங்கும் மூன்றாம் வரிசைக்காரர்களிடம் மனதுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன். இந்தப் பக்கத்தைக் கிழித்துவிடலாமா என்று யோசிக்கிறேன்.

ஜனவரி 20, செவ்வாய்

மாலை பூங்கொடி என்னைக் கூட்டிப்போக வந்தபோது பெலிக்ஸ் வண்டியைப் பார்த்துவிட்டார். ரொம்ப நேரம் பார்த்தார். போர்டைத் தட்டினார். பிறகு சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார், தோள் மட்டும் குலுங்கியது.

சிரித்து முடித்து மரியாதையாகத்தான் பேசினார். "சார், எங்கிட்ட ஒரு ரிலேயும், லோ, ஹைன்னு ரெண்டு ஸ்டெப் இருக்கற ஒரு சுவிட்சும் சும்மா கெடக்கு. நாளைக்கு உணவு இடைவேளைல மாட்டிரலாமா?" என்றார். அவராகக் கேட்டதால், மறுத்தால் மனம் புண்படும் என்று ஒத்துக்கொண்டேன்.

ஜனவரி 21, புதன்

காலையில் பூங்கொடி வண்டியை நிலையத்திலேயே விட்டுவிட்டுப் பேருந்தில் மருத்துவமனைக்குப் போனாள். மதியம் பெலிக்ஸ் இருபது நிமிடத்தில் மாட்டினார். ஒரு ஃபியூஸும் வைத்தார். நான் ஸ்க்ரூடிரைவர் எடுத்துக் கொடுத்தேன். மேற்பார்வை என்றும் சொல்லலாம்.

ஜனவரி 23, வெள்ளி

அற்புதமாக வேலை செய்கிறது. ஏற்றத்திலும் சூடு, இறக்கத்திலும் சூடு. லோ, ஹை இரண்டு அளவு. "கைக்கு இதமா இருக்குதுங்க," என்று அவளே வாயால் சொன்னாள்.

வீட்டுக்கு வந்ததும் மிக்ஸிக்குப் பக்கத்தில் பார்த்தேன். படிவம் இல்லை. அடுப்படியில் இருவருக்கும் காப்பி போட்டு எனக்குச் சர்க்கரை கூடுதலாகப் போட்டுக்கொண்டேன், கொண்டாட்டத்துக்காக. பிறகு அவள் கைப்பையை நகர்த்தியபோது உள்ளே படிவம் தெரிந்தது. கையெழுத்தும் போட்டிருக்கிறாள். போட்டோவும் ஒட்டியிருக்கிறாள். போட்டோவில் கண்ணுக்குக் கீழே கருவளையம். காப்பியைக் கொட்டிவிட்டேன்.

கைதான் சூடாகிவிட்டதே, இன்னும் என்ன? கால் குளிருகிறதோ? கால் வைக்கும் இடத்துக்கும் ஹீட்டர் விற்கிறார்களா என்று தேடிப் பார்த்தேன்.

ஜனவரி 26, திங்கள்

இன்று எழுத நிறைய இருக்கிறது.

நிலையத்தில் குடியரசு நாள் விழா. குடும்பத்தோடு வரச் சொல்லியிருந்தார்கள். கொடியேற்றி முடித்ததும் முதல்வர் என் பெயரைச் சொன்னார். பதினோரு ஆண்டுகளாக வகுப்புக்கு இரண்டு மணி நேரம் முன்னதாகவே வந்துவிடும் கடமையாளர், இவரைப் பார்த்து எல்லோரும் கற்றுக்கொள்ள வேண்டும் என்று பேசி, சால்வை போர்த்தி, ஒரு சுவர்க்கடிகாரம் கொடுத்தார். கைத்தட்டல் பலமாக இருந்தது. சால்வையோடு நிமிர்ந்து பூங்கொடியைத் தேடினேன். முன்வரிசை பிளாஸ்டிக் நாற்காலியில் வாயைத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தாள். அத்தனை கைத்தட்டலுக்கும் அவள் அசையவில்லை.

பக்கத்தில் நின்ற லிங்கன் மெதுவாகச் சொன்னார்: "எழுப்பாதீங்க சார். தெனமும் உங்கள விட்டுட்டு வண்டியத் திருப்பறப்ப அவங்க கண்ணு சொக்கும். அந்தக் கேட்டுக்கிட்டயே ஒரு அஞ்சு நிமிசம் வண்டி மேல தல சாச்சுட்டுத்தான் கெளம்புவாங்க."

நான் அதைப் பார்த்ததே இல்லை. இறங்கியதும் நேராகக் கணப்புச் சட்டிக்குப் போய்விடுவேன்.

வீட்டுக்கு வந்து, சால்வையைக் கழற்றாமலேயே கேட்டுவிட்டேன். கைதான் சூடாகிவிட்டதே, இன்னும் எதற்கு ஈரோடு?

"கை குளிருதுன்னு நான் எப்பங்க சொன்னேன்?" என்றாள்.

யோசித்தேன். அவள் சொல்லவே இல்லை.

"நாலரைக்கு எந்திரிச்சு சோறாக்கி, உங்களக் கொண்டுபோயி உட்டு, வந்து டூட்டி பாத்து, மறுக்கா வந்து கூட்டிட்டுப் போயி. லீவு நாள்லகூட இதே பாடுதானுங்க. பதினோரு வருசம். முடியலீங்கன்னு எத்தன தடவ சொல்லியிருப்பேன்? நீங்க ஸ்வெட்டர் வாங்கியாந்தீங்க. அப்பறம் ஹீட்டரு." கைப்பையை இறக்கி வைத்தாள். "எனக்குத் தூக்கம் வேணுமுங்க. ஈரோட்டுல ஆசுபத்திரி எங்கண்ணன் ஊட்டுக்கு எதுத்தாப்பல."

கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் ஏதாவது சொல்லியிருப்பேன். அவள் கோபப்படவே இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. ஸ்வெட்டர் மட்டும் நாலு வாங்கிக் கொடுத்திருக்கிறேன். அவமானமாக இருந்தது. சால்வையைத் தலைவரைக்கும் இழுத்துப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஜனவரி 27, செவ்வாய்

நானே ஓட்டுகிறேன் என்று சொன்னேன். நம்பவில்லை. மாலை வீட்டுக்குப் பக்கத்து மைதானத்தில் பயிற்சி. ஓட்டுநர் உரிமம் செல்லுபடியாகத்தான் இருக்கிறது, நான்தான் இல்லை. விழுந்தேன்.

ஜனவரி 28, புதன்

விழுந்தேன். இன்று ஸ்டாண்ட் எடுக்காத வண்டியிலிருந்து.

ஜனவரி 29, வியாழன்

விழவில்லை. மைதானத்தை ஏழு சுற்றுச் சுற்றினேன். மேய்ந்துகொண்டிருந்த குதிரை ஒன்று என்னைவிட வேகமாக நடந்து தாண்டிப் போனது.

நாளைக்கு நானே தனியாகப் போகிறேன் என்று பூங்கொடியிடம் சொன்னேன். பார்க்கலாம் என்றாள். படிவம் கைப்பையில்தான் இருக்கிறது. நாளை மாலை ஐந்து மணி வரை அவளுக்கு நேரம் இருக்கிறது.

ஜனவரி 30, வெள்ளி

காலை ஏழரைக்கு அவள் பேருந்தில் போனாள். அதே நேரத்துக்கு நான் வண்டியில் கிளம்பினேன். கைப்பிடியை ஹையில் வைத்தேன். ஏற்றத்திலும் பிரேக்கைப் பிடித்துப் பிடித்துத்தான் போனேன், அது சூட்டுக்காக இல்லை என்று இப்போது ஒத்துக்கொள்கிறேன். கோத்தகிரி போகும் பேருந்துகள் இரண்டு என் பின்னால் வரிசைகட்டி ஹாரன் அடித்தன. ஒரு சுற்றுலா வேனிலிருந்து குழந்தைகள் எனக்குக் கையசைத்தார்கள். நான் அசைக்கவில்லை, ஒரு கையை எடுக்கும் தைரியம் இல்லை.

எட்டு நாற்பதுக்கு நிலையத்தில் நுழைந்தபோது லிங்கன் பதறிப்போய் ஓடி வந்தார். இந்த நேரத்துக்கு வருகிறேனே, உடம்புக்கு ஏதாவதா என்று. பதினொரு மணிக்குப் பூங்கொடி போன் பண்ணி விழுந்தீங்களா என்று கேட்டாள். இல்லை என்றேன். அப்படீங்களா என்று வைத்துவிட்டாள். அந்தக் குரலிலிருந்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை.

நாலரைக்குக் கிளம்பினேன். ஐந்துக்குள் மருத்துவமனைக்குப் போய், படிவத்தைக் கொடுக்குமுன் தடுத்துவிட வேண்டும் என்பது திட்டம். தொட்டபெட்டா பிரிவில் சுற்றுலா வண்டிகள் அடைத்துக்கொண்டன. மற்ற பைக்குகள் எல்லாம் இடுக்கில் புகுந்து போயின. எனக்குப் புகத் தெரியவில்லை. ஒரு காருக்குப் பின்னால் காராகவே நின்றேன். ஐந்து மணி ஆகும்போது நான் இன்னும் ஊருக்குள்கூட வரவில்லை. ஹெல்மெட்டுக்குள் கண் கலங்கிக் கண்ணாடியில் ஆவி படிந்துவிட்டது.

ஐந்து இருபத்தைந்துக்கு மருத்துவமனை வாசல். அவளுக்கு வேலை நாலு மணிக்கே முடிந்துவிட்டது. கேட்டுக்குப் பக்கத்தில் கைப்பையை அணைத்துக்கொண்டு நின்றிருந்தாள். வண்டியை நிறுத்தக்கூட இல்லை, சொல்லிவிட்டேன். "நீ போயிராத, பூங்கொடி. நீயில்லாம என்னால இருக்க முடியாது. தெனமும் நானே ஓட்டிக்கறேன். விழுந்தாலும் ஓட்டிக்கறேன்."

கேட்டருகே வரிசையில் நின்ற ஆட்டோக்காரர்கள் நாலு பேரும் பேச்சை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தார்கள்.

"மொதல்ல இண்டிகேட்டர அணைங்க. எவ்வளவு நேரமா போட்டுட்டு வர்றீங்க?" என்றாள். காலையிலிருந்து என்று சொன்னேன். அணைத்தேன். குடுத்துட்டியா என்று கேட்டேன்.

"நாலு மணிக்கு ஆபீசுக்குப் போனனுங்க. அங்க நின்னுட்டே நீங்க எந்த வளைவுல இருப்பீங்களோன்னு பயந்துட்டே இருந்தேன். மணி அஞ்சாயிருச்சு, கதவச் சாத்திப்போட்டாங்க." சேலையைச் சரிசெய்துகொண்டு பின்னால் ஏறி உட்கார்ந்தாள். "மெதுவாவே போங்க," என்றாள்.

அதைவிட மெதுவாகப் போக முடியாது. சேரிங்கிராஸ் தாண்டும்போது முதுகில் ஏதோ பாரமாக இருந்தது. தூங்கிவிட்டிருந்தாள். பின்னால் யார் ஹாரன் அடித்தாலும் அடிக்கட்டும் என்று ஓட்டினேன்.

ஜனவரி 31, சனி

காலை ஏழு பத்து. அவளுக்கு வார ஓய்வு. இன்னும் தூங்குகிறாள். ஒரு காலை வெளியே நீட்டிக்கொண்டு, லேசான குறட்டையோடு. இந்த நேரத்தில் அவள் தூங்கி நான் பார்த்ததே இல்லை.

நானே சோறு வைத்து டிபன் பாக்ஸில் அடைத்தேன். அடிப்பிடித்துவிட்டது, எனக்குத்தானே. அவளுக்கு உப்புமா செய்து மூடி வைத்திருக்கிறேன். இனி கிளம்ப வேண்டும். வண்டியை இங்கே கிளப்பினால் சத்தம் கேட்டு எழுந்துவிடுவாள். தெருமுனை வரை தள்ளிக்கொண்டு போய்த்தான் கிளப்பப்போகிறேன்.